மூன்று குழுக்களின் மீடியன்களை ஒப்பிடுவது எப்படி? க்ரஸ்கல்-வாலிஸ், மூட், அப்புறம் செய்ய வேண்டியவை

"குழுக்களின் மீடியன்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருப்பதை க்ரஸ்கல்-வாலிஸ் சோதனை உறுதி செய்தது." தாவரவியல், நர்சிங், வேளாண்மை என்று எந்தத் துறைத் தீசிஸ் என் மேஜைக்கு வந்தாலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கும். ஆய்வு மாணவர்களின் புள்ளியியல் அத்தியாயத்தைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. இந்த வாக்கியத்தைக் கண்டால் அங்கேயே பென்சிலை வைத்துவிட்டு, "ஒவ்வொரு குழுவின் புள்ளிகளையும் வரைந்து பார்த்தாயா?" என்று கேட்பேன். க்ரஸ்கல்-வாலிஸ் சோதனை மீடியனைக் கணக்கிடுவதே இல்லை. அது ரேங்க்குகளை, அதாவது எல்லா மதிப்புகளையும் வரிசைப்படுத்தும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இட எண்களை, கூட்டுகிறது. அந்தக் கூட்டல் மீடியனைப் பற்றிப் பேசுவது சில நிபந்தனைகளில் மட்டும்தான். அந்த நிபந்தனைகள் என்ன, அவை இல்லாதபோது என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கைக் கையால் போட்டுக் காட்டுகிறேன். ஒருமுறை கையால் போட்டவர்கள் மென்பொருள் தரும் பதிலைப் பார்த்துக் குழம்புவதில்லை.

முதலில் தரவு

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினால் அதோடு சில தரவுத் தொகுப்புகளும் சேர்ந்தே வரும். அவற்றில் ஒன்று 'பிளாண்ட் குரோத்'. மொத்தம் 30 செடிகள். 10 செடிகள் கட்டுப்பாட்டுக் குழு, 10 முதல் சிகிச்சை, 10 இரண்டாம் சிகிச்சை. ஒவ்வொன்றின் உலர் எடையும் பதிவாகியிருக்கிறது. வரிசைப்படுத்தி எழுதினால்:

கட்டுப்பாடு: 4.17, 4.50, 4.53, 4.61, 5.14, 5.17, 5.18, 5.33, 5.58, 6.11

சிகிச்சை 1: 3.59, 3.83, 4.17, 4.32, 4.41, 4.69, 4.81, 4.89, 5.87, 6.03

சிகிச்சை 2: 4.92, 5.12, 5.26, 5.29, 5.37, 5.50, 5.54, 5.80, 6.15, 6.31

மீடியன் என்பது வரிசையின் நடு மதிப்பு. பத்து எண்கள் என்பதால் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் வரும். கட்டுப்பாட்டுக்கு 5.155, சிகிச்சை 1-க்கு 4.55, சிகிச்சை 2-க்கு 5.435.

இப்போது ஒரு வெள்ளைத்தாளில் கிடைக்கோடு போட்டு, மூன்று குழுக்களையும் மூன்று வரிசையாகப் புள்ளி வையுங்கள். பத்து நிமிட வேலை. சிகிச்சை 1-ல் எட்டுப் புள்ளிகள் 4.89-க்குள் கூடி நிற்க, மீதி இரண்டு மட்டும் தனியாகத் தள்ளி 5.87, 6.03-ல் நிற்பது உடனே தெரியும். சிகிச்சை 2 நெருக்கமாக இருக்கிறது. இந்தப் படத்தைப் பார்க்காமல் எந்தச் சோதனையையும் ஓட்ட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். பெட்டிப்படம் (பாக்ஸ் பிளாட்) மட்டும் போதாது. பத்து மதிப்புகள் உள்ள குழுவில் பெட்டி பாதி விஷயத்தை மறைத்துவிடும். புள்ளிகளே வேண்டும்.

ஏன் நான்-பாராமெட்ரிக்?

தரவின் பரவல் இன்ன வடிவம் என்று ஊகிக்காத சோதனைகளுக்கு நான்-பாராமெட்ரிக் என்று பெயர். அவற்றுக்கு மாறப் பலர் தரும் காரணம்: "ஷபிரோ-வில்க் சோதனையில் நார்மல் இல்லை என்று வந்தது, அதனால் மாறினேன்." தரவு மணி வடிவ நார்மல் பரவலில் இருக்கிறதா என்று பார்ப்பது ஷபிரோ-வில்க். இந்தக் காரணத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை. குழுவுக்குப் பத்துப் பேர் என்றால் அந்தச் சோதனைக்குப் பெரிய கோணலைக்கூடக் கண்டுபிடிக்கும் பலம் இல்லை. குழுவுக்கு ஆயிரம் பேர் என்றால் யாருக்கும் பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு கோணலையும் பிடித்துக்கொள்ளும். எந்தச் சோதனை என்பதைத் தரவு வருவதற்கு முன்பே, கேள்வியை வைத்து முடிவு செய்வதுதான் முறை. அளவீடு தரவரிசை மட்டும்தானா (வலி குறைவு, நடுத்தரம், அதிகம் என்பது போல)? சில மதிப்புகள் எப்போதும் வெகுதூரம் தள்ளிப் போகும் வகையா (மருத்துவமனையில் தங்கிய நாட்கள், சிகிச்சைச் செலவு)? கருவி ஓர் எல்லைக்குக் கீழே அளக்க முடியாமல் "எல்லைக்குக் கீழ்" என்று மட்டும் தருகிறதா? இவை நல்ல காரணங்கள்.

இன்னொரு பயமும் மாணவர்களிடம் உண்டு: ரேங்க் முறைக்கு மாறினால் பலம் போய்விடும் என்று. பெரிதாகப் போகாது. தரவு முழுக்க நார்மலாகவே இருந்தாலும், பெரிய மாதிரிகளில் ரேங்க் முறையின் திறன் வழக்கமான முறையோடு ஒப்பிட 95.5 சதவீதம். குழுக்கள் ஒரே வடிவத்தில் இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால், எந்தப் பரவலாக இருந்தாலும் அது 86.4 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று 1956-ல் ஹாட்ஜஸும் லேமனும் நிரூபித்தார்கள். நம் செடிகளில் அனோவா (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான சோதனை) போட்டால் பி மதிப்பு, அதாவது குழுக்களுக்குள் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.016. க்ரஸ்கல்-வாலிஸ் என்ன தருகிறது என்று பார்ப்போம்.

க்ரஸ்கல்-வாலிஸ், கையால்

1945-ல் ஃப்ராங்க் வில்காக்சன் என்ற வேதியியலாளர் இரண்டு குழுக்களுக்கு ரேங்க் கூட்டும் முறையை வெளியிட்டார். 1947-ல் மானும் விட்னியும் அதை விரிவாக்கினார்கள். 1952-ல் வில்லியம் க்ரஸ்கலும் ஆலன் வாலிஸும் அதையே இரண்டுக்கு மேற்பட்ட குழுக்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே மான்-விட்னி தெரிந்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

முதல் படி: குழுவை மறந்துவிட்டு 30 எடைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக ஒரே வரிசையில் நிறுத்துங்கள். 3.59-க்கு ரேங்க் 1, 3.83-க்கு 2. அடுத்து 4.17 இரண்டு முறை வருகிறது, ஒன்று கட்டுப்பாட்டில், ஒன்று சிகிச்சை 1-ல். மூன்றாம் நான்காம் இடங்களை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன, ஆளுக்கு 3.5. இப்படியே போய் 6.31-க்கு 30. எக்செல்லில் செய்தால் 'ரேங்க் டாட் ஏவிஜி' ஃபங்ஷனை எடுங்கள். சாதாரண ரேங்க் ஃபங்ஷன் சமமானவற்றுக்குச் சராசரி போடாது, இரண்டுக்கும் ஒரே முழு எண்ணைக் கொடுத்துவிடும், கணக்கு தவறும். அந்த ஃபங்ஷன் பெரியதிலிருந்துதான் எண்ணத் தொடங்கும் என்பதால் கடைசி இடத்தில் 1 போட மறக்காதீர்கள்.

இரண்டாம் படி: ரேங்க்குகளைக் குழுவாரியாகக் கூட்டுங்கள். கட்டுப்பாடு 147.5, சிகிச்சை 1-க்கு 103.5, சிகிச்சை 2-க்கு 214. மூன்றையும் சேர்த்தால் 465 வர வேண்டும், ஏனென்றால் 1 முதல் 30 வரை கூட்டினால் 465. வரவில்லை என்றால் எங்கோ ஒரு ரேங்க் தப்பு. இங்கேயே நிறுத்திச் சரிபாருங்கள்.

மூன்றாம் படி: ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் வர்க்கப்படுத்தி, அந்தக் குழுவின் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுங்கள். 2175.625 + 1071.225 + 4579.6 = 7826.45. இதை 12-ஆல் பெருக்கி, 30 × 31 = 930-ஆல் வகுத்தால் 100.9865. அதிலிருந்து 3 × 31 = 93-ஐக் கழித்தால் 7.9865. சமமான மதிப்பு ஒரு ஜோடி இருந்ததால் சின்னத் திருத்தம் செய்தால் 7.988. இதற்குப் பெயர் எச்.

நான்காம் படி: இந்த எச்சைக் கை-ஸ்கொயர் பரவலோடு ஒப்பிட வேண்டும். குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம், இங்கே 2. மூன்று குழுக்கள் மட்டும் இருக்கும்போது அட்டவணையே வேண்டாம். எச்சைப் பாதியாக்கி மைனஸ் போட்டு கால்குலேட்டரில் எக்ஸ்போனென்ஷியல் அழுத்தினால் அதுவே பி மதிப்பு. 0.0184. ஆர் தருவதும் இதேதான். அனோவாவின் 0.016-க்கும் இதற்கும் எவ்வளவு குறைந்த இடைவெளி பாருங்கள்.

சரி, இந்த 0.0184 எதைச் சொல்கிறது?

இங்கேதான் நிதானம் வேண்டும். சோதனை சரிபார்த்தது இது: மூன்று குழுக்களும் ஒரே பரவலிலிருந்து வந்திருந்தால் சராசரி ரேங்க்குகள் (14.75, 10.35, 21.4) இவ்வளவு விலகி நிற்குமா? அந்த விலகலுக்குக் காரணம் மீடியன் என்று சொல்ல வேண்டுமானால், மூன்று குழுக்களும் ஒரே வடிவத்தில், ஒரே அகலத்தில் இருந்து, இடம் மட்டும் நகர்ந்திருக்க வேண்டும். அப்போது மீடியன், சராசரி, கால்மானங்கள் எல்லாம் ஒரே அளவு நகரும். எதைச் சொன்னாலும் சரியே.

வடிவம் வேறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டும் எண்கள் இவை. இரண்டு குழுக்கள், தலா 21 மதிப்புகள். குழு அ: 51 முதல் 60 வரை பத்து எண்கள், நடுவில் 100, பிறகு 101 முதல் 110 வரை பத்து எண்கள். குழு ஆ: 81 முதல் 90 வரை பத்து, நடுவில் 100, பிறகு 131 முதல் 140 வரை பத்து. இரண்டின் மீடியனும் 100. துளி வித்தியாசம் இல்லை. ஆனால் ஆ-வின் கீழ்ப்பாதி அ-வின் கீழ்ப்பாதிக்கு மேலே நிற்கிறது, மேல்பாதியும் அப்படியே. ரேங்க் கூட்டினால் ஆ குழு வெகுவாக முந்துகிறது. மான்-விட்னி பி மதிப்பு சுமார் 0.012.

இதை வைத்து "மீடியன்கள் வேறுபடுகின்றன" என்று எழுதினால், அதே பக்கத்து அட்டவணையில் இரண்டு மீடியனும் 100 என்று இருக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்த இடத்தில் விரல் வைத்தால் மாணவருக்குப் பதில் இருக்காது. சோதனை பொய் சொல்லவில்லை. அது கேட்டது வேறு கேள்வி: அ-விலிருந்து ஒன்று, ஆ-விலிருந்து ஒன்று என்று கண்ணை மூடி எடுத்தால், ஆ பெரியதாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் உண்டா? உண்டு, சுமார் 73 சதவீதம். அதை அப்படியே எழுதினால் அது உண்மை, பயனுள்ள உண்மையும்கூட.

மீடியனே கேள்வி என்றால்: மூட் சோதனை

அலெக்சாண்டர் மூட் பெயரில் வழங்கும் மீடியன் சோதனை 1950 வாக்கில் வந்தது. இது நேரடியாகவே மீடியனைக் கேட்கிறது. அதைவிட எளிமையான சோதனை எனக்குத் தெரிந்து குறைவு.

எல்லா 30 எடைகளுக்கும் சேர்த்து ஒரே பொது மீடியன் எடுங்கள். 15-வது மதிப்பு 5.14, 16-வது 5.17, நடுவில் 5.155. இப்போது ஒவ்வொரு குழுவிலும் இதற்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணுங்கள். கட்டுப்பாட்டில் மேலே 5, கீழே 5. சிகிச்சை 1-ல் மேலே 2, கீழே 8. சிகிச்சை 2-ல் மேலே 8, கீழே 2. மூன்று குழுக்களும் ஒரே மீடியன் உடையவை என்றால் ஆறு கட்டங்களிலும் 5 எதிர்பார்ப்போம். விலகலை வர்க்கப்படுத்தி 5-ஆல் வகுத்துக் கூட்டினால் 9/5 நான்கு முறை, அதாவது 7.2. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 2. பி மதிப்பு 0.027.

நான் மேலே போட்ட அ, ஆ குழுக்களுக்கு இதைச் செய்து பாருங்கள். பொது மீடியன் 100. அதற்கு மேலே இரண்டு குழுவிலும் தலா 10. வித்தியாசம் பூஜ்யம், பி மதிப்பு 1. கேள்வி மீடியன் என்றால் பதிலும் மீடியனுக்கே வருகிறது.

அப்படியானால் எப்போதும் மூட் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மதிப்பு எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே என்பதை அது தூக்கிப் போட்டுவிடுகிறது. 5.17-ம் 6.31-ம் அதற்கு ஒன்றே. நார்மல் தரவில் அதன் திறன் 64 சதவீதம்தான். அதாவது அனோவா 64 பேரை வைத்துக் கண்டுபிடிப்பதை இது கண்டுபிடிக்கச் சுமார் 100 பேர் வேண்டும். நடுவில் கூர்மையாகக் குவிந்து இரண்டு பக்கமும் நீண்ட வால் உள்ள தரவில்தான் அது மற்றவற்றை முந்தும். என் வழக்கம் இது: வடிவங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் க்ரஸ்கல்-வாலிஸ் போட்டு மீடியன் என்று தைரியமாக எழுதச் சொல்வேன். வடிவங்கள் வேறுபட்டு, கேள்வி பொதுவாக "எந்தக் குழு உயர்ந்து நிற்கிறது" என்பதாக இருந்தால், க்ரஸ்கல்-வாலிஸே போட்டு ரேங்க் மொழியில் எழுதச் சொல்வேன். வடிவம் வேறுபட்டு, கேள்வியும் கண்டிப்பாக மீடியன்தான் என்றால் மூட். வயது, பாலினம் போன்றவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டுமானால் இரண்டும் உதவாது, மீடியன் ரிக்ரஷனுக்குப் போக வேண்டும்.

மூட் சோதனையில் ஒரு சின்ன இடறல் உண்டு. பொது மீடியனுக்குச் சரிசமமான மதிப்புகளை எந்தப் பக்கம் சேர்ப்பது? பைத்தான் நிரல்மொழியின் சைபை தொகுப்பில் உள்ள மீடியன் சோதனை, நீங்கள் மாற்றாவிட்டால் அவற்றைக் கீழ்ப்பக்கம் சேர்க்கும். முழு எண்களாக உள்ள தரவில் (வலி மதிப்பெண், குஞ்சுகளின் எண்ணிக்கை) இப்படிப்பட்ட சமமான மதிப்புகள் நிறைய வரும். எந்தப் பக்கம் சேர்த்தீர்கள் என்பதை முறையியலில் ஒரு வரி எழுதுங்கள்.

எந்த ஜோடி வேறுபடுகிறது?

எச் பெரியது என்பதால் எங்கோ வேறுபாடு இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. மூன்று குழுக்களுக்கு மூன்று ஜோடிகள், ஐந்து குழுக்களுக்குப் பத்து. பத்து ஒப்பீடுகளையும் 0.05 வரம்பிலேயே செய்தால், உண்மையில் எதுவுமே வேறுபடாதபோதும் ஒன்றாவது தப்பாகத் தட்டும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் வரை போகலாம். ஆகவே திருத்தம் கட்டாயம்.

ஆலிவ் ஜீன் டன் 1964-ல் தந்த முறை க்ரஸ்கல்-வாலிஸுக்குப் பொருத்தமானது, ஏனென்றால் அது அதே 30 ரேங்க்குகளையே பயன்படுத்துகிறது. சிகிச்சை 2-க்கும் 1-க்கும் சராசரி ரேங்க் வித்தியாசம் 11.05. திட்டப்பிழை: 30 × 31-ஐ 12-ஆல் வகுத்தால் 77.5, அதை (1/10 + 1/10)-ஆல் பெருக்கினால் 15.5, வர்க்கமூலம் 3.937. வகுத்தால் 2.81, பி மதிப்பு 0.005. சிகிச்சை 2-க்கும் கட்டுப்பாட்டுக்கும் 0.091. கட்டுப்பாட்டுக்கும் சிகிச்சை 1-க்கும் 0.264.

திருத்தத்துக்கு ஹோம் முறையைப் பயன்படுத்துங்கள். 1979-ல் வந்தது, போன்ஃபெரோனி முறை (எல்லாப் பி மதிப்புகளையும் ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் பெருக்குவது) செய்யும் எல்லாப் பாதுகாப்பும் தரும், அதைவிடப் பலம் கூட. மிகச் சிறிய பி மதிப்பை 3-ஆல், அடுத்ததை 2-ஆல், கடைசியை 1-ஆல் பெருக்க வேண்டும். 0.015, 0.182, 0.264. ஆக, இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. கட்டுப்பாட்டிலிருந்து எந்தச் சிகிச்சையும் விலகியதாக இந்தத் தரவைக் கொண்டு சொல்ல முடியாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை மாணவர்கள் எழுதத் தயங்குவார்கள். ஆனால் கட்டுப்பாட்டுக் குழு வைத்ததே இதைத் தெரிந்துகொள்ளத்தானே.

மூட் சோதனைக்குப் பிறகு டன் போடாதீர்கள். அது ரேங்க் கேள்வி. ஜோடி ஜோடியாக மூட் சோதனையையே போட்டு ஹோம் திருத்தம் செய்வதுதான் பொருந்தும்.

எவ்வளவு வித்தியாசம்?

பி மதிப்போடு நிறுத்திவிட்டால் படிப்பவருக்குப் பாதி பதில்தான். இரண்டு விஷயங்களைச் சேருங்கள்.

ஒன்று, ஜோடிக் கணக்கு. சிகிச்சை 2-ல் பத்து, சிகிச்சை 1-ல் பத்து, மொத்தம் 100 ஜோடிகள். அவற்றில் 84-ல் சிகிச்சை 2 செடிதான் கனமானது. "நூற்றுக்கு எண்பத்து நான்கு" என்பது ஒரு விவசாயிக்குக்கூடப் புரியும். கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டால் 75. பலர் எழுதும் ஈட்டா ஸ்கொயர் என்ற விளைவு அளவைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

இரண்டாவது, மீடியனுக்கு ஒரு நம்பிக்கை இடைவெளி. இதற்குப் பரவலைப் பற்றி எந்த ஊகமும் வேண்டாம். பத்து மதிப்புகள் இருந்தால், வரிசையில் இரண்டாவதிலிருந்து ஒன்பதாவது வரை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான மீடியன் அதற்குள் இருக்கும் உறுதி 97.9 சதவீதம். பத்து முறை காசு சுண்டும் கணக்குதான் இது: ஒவ்வொரு மதிப்பும் மீடியனுக்கு மேலே அல்லது கீழே விழ சம வாய்ப்பு, ஒன்பது அல்லது பத்தும் ஒரே பக்கம் விழுவது 1024-ல் 22 முறை மட்டும். கட்டுப்பாட்டுக்கு 4.50 முதல் 5.58 வரை, சிகிச்சை 1-க்கு 3.83 முதல் 5.87, சிகிச்சை 2-க்கு 5.12 முதல் 6.15. சிகிச்சை 1-ன் இடைவெளி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். முதலில் வரைந்த படத்தில் தள்ளி நின்ற அந்த இரண்டு செடிகளின் வேலை அது.

கவனிக்க வேண்டிய இடங்கள்

மிகச் சிறிய குழுக்கள். மூன்றுக்கு மூன்று என்று எலிகளை வைத்து மான்-விட்னி போட்டால், ஒரு குழு முழுவதும் மற்றதைவிட மேலே நின்றாலும் இருபக்கப் பி மதிப்பு 0.10-க்குக் கீழே இறங்காது. ஆறு பேரை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிகள், அதில் இரண்டு மட்டுமே இந்த அளவுக்குத் தீவிரமானவை. நான்குக்கு நான்கு என்றால் 70-ல் 2, அதாவது 0.029. சோதனை தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் எத்தனை விலங்குகள் என்று முடிவு செய்ய வேண்டும். க்ரஸ்கல்-வாலிஸில் குழுவுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தால் கை-ஸ்கொயர் தோராயத்தை நம்பாமல், இப்படி எல்லாப் பிரிப்பு வழிகளையும் எண்ணிப் போடும் எக்ஸாக்ட் பி மதிப்பை மென்பொருளிடம் கேளுங்கள்.

சார்பற்ற அளவீடுகள். நான்-பாராமெட்ரிக் என்றால் எந்த ஊகமும் இல்லை என்று நினைப்பது பெரிய தவறு. மதிப்புகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்பது இங்கேயும் கட்டாயம். ஆர் மென்பொருளின் க்ரஸ்கல்-வாலிஸ் உதவிப் பக்கத்தில் உள்ள உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் 1973 மே முதல் செப்டம்பர் வரை பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை எடுத்த ஓசோன் அளவுகள். மாதவாரியாக மீடியன் 18, 23, 60, 52, 23. எச் 29.27, பி மதிப்பு 0.000007. வெயில் காலத்தில் ஓசோன் ஏறியது என்பது புள்ளிகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இன்றைய ஓசோன் நேற்றைய ஓசோனைப் போல இருக்கும். அடுத்தடுத்த நாட்கள் சார்பற்றவை அல்ல, ஆகவே அந்தப் பத்து லட்சத்தில் ஏழு என்ற துல்லியத்தை அப்படியே நம்ப முடியாது. போதாக்குறைக்கு ஜூன் மாதத்தில் 30 நாளில் 9 நாள் அளவுகள்தான் இருக்கின்றன. விடுபட்ட 21 நாட்கள் ஏன் விடுபட்டன என்பது சோதனைக்குத் தெரியாது, மென்பொருள் அவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டுப் போய்விடும். உங்கள் கோப்பில் இப்படி எத்தனை வரிசைகள் நீங்கின என்று எப்போதும் எண்ணிப் பாருங்கள்.

ஒரே நோயாளியை முன், நடு, பின் என்று மூன்று முறை அளந்திருந்தால் க்ரஸ்கல்-வாலிஸ் கூடாது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற மில்டன் ஃப்ரீட்மன் 1937-ல் தந்த ஃப்ரீட்மன் சோதனைதான் அதற்கு. உர அளவு 0, 50, 100 என்று ஏறுவரிசையில் இருந்தால் ஜோன்கீர்-டெர்ப்ஸ்ட்ரா சோதனை அந்த வரிசையையும் பயன்படுத்திக்கொள்ளும், பலம் கூடும். ஆனால் வரிசையைத் தரவு பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

மென்பொருளில் ஒரு பெயர்க் குழப்பம் பலரை மாட்டிவிடுகிறது. ஆர் மென்பொருளில் 'மூட் டாட் டெஸ்ட்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது மீடியன் சோதனை அல்ல. இரண்டு குழுக்களின் பரவல் அகலத்தை ஒப்பிடும், அதே மூட் பெயரிலுள்ள வேறொரு சோதனை. மீடியன் சோதனை வேண்டுமானால் 'காயின்' தொகுப்பில் தேடுங்கள். எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் நான்-பாராமெட்ரிக் மெனுவின் பழைய டயலாக் பகுதியில், சார்பற்ற பல மாதிரிகள் என்ற இடத்தில் க்ரஸ்கல்-வாலிஸும் மீடியனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டமாக இருக்கும். ஜமோவி இலவசம், அனோவா மெனுவின் கீழ்ப்பகுதியில் க்ரஸ்கல்-வாலிஸ் இருக்கிறது. அதன் ஜோடி ஒப்பீட்டில் ட்வாஸ்-ஸ்டீல்-க்ரிட்ச்லோ-ஃப்ளிக்னர் முறை உண்டு, அது டன் முறை அல்ல. அதுவும் நல்ல முறையே, ஆனால் அதைப் போட்டுவிட்டுத் தீசிஸில் டன் என்று எழுதிவிடாதீர்கள்.

எழுதும்போது

முடிவுப் பகுதிக்கு நான் மாணவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் மாதிரி இது: "உலர் எடையின் மீடியன் கட்டுப்பாட்டுக் குழுவில் 5.155, சிகிச்சை 1-ல் 4.55, சிகிச்சை 2-ல் 5.435 (ஒவ்வொன்றிலும் 10 செடிகள், விடுபட்டவை இல்லை). க்ரஸ்கல்-வாலிஸ் சோதனையில் குழுக்களின் ரேங்க்குகள் வேறுபட்டன (எச் = 7.99, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 2, பி = 0.018). டன் ஒப்பீட்டில், ஹோம் திருத்தத்துக்குப் பின், சிகிச்சை 2 சிகிச்சை 1-ஐவிட உயர்ந்திருந்தது (பி = 0.015, 100 ஜோடிகளில் 84). கட்டுப்பாட்டுக் குழுவோடு எந்தச் சிகிச்சைக்கும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை (பி = 0.182, 0.264)."

இதில் "ரேங்க்குகள் வேறுபட்டன" என்ற சொற்களைக் கவனியுங்கள். சிகிச்சை 1-ன் வடிவம் மற்ற இரண்டைப் போல இல்லை என்பதால் அங்கே மீடியன் என்று எழுதச் சொல்லவில்லை. உங்கள் கைடு மீடியன் என்றுதான் எழுத வேண்டும் என்று சொன்னால், மூட் சோதனையின் 7.2, 0.027 என்ற எண்களையும் முறையியலில் அதற்கான காரணத்தையும் கொடுங்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே அந்த 30 புள்ளிகள் உள்ள படத்தையும் வையுங்கள்.